ஐந்தாம் காலைப் பார்க்காமல் பெயர் சொல்லாதே

குற்றால மலையில் விழும் நீர் சிற்றாறாக இறங்கி, தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்த வளைகுடாவின் ஆழம் குறைந்த இடங்களிலும், ராமேஸ்வரத்துக்கு வடக்கே பாக் விரிகுடாவிலும் கடல்புல் பரந்து கிடக்கிறது. கரையில் உள்ளவர்கள் அதைத் தாழை என்பார்கள். தென்காசியில் என் மேசைமேல் குப்பிகளில் இருக்கும் மண் அந்தத் தாழையின் வேருக்கு அடியிலிருந்து வந்தது. கடலில்லாத ஊரில் உட்கார்ந்து கடல் மண்ணில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணை எடுப்பது ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். அதற்குள் வாழ்வது யார் என்று சொல்ல மாதக்கணக்கில் ஆகும். அந்த வேலைக்கு அலை வேண்டாம். ஆடாத மேசையும் நல்ல வெளிச்சமும் போதும்.

இறால், நண்டு குடும்பத்தின் மிகச் சிறிய உறவினர்கள்தான் நான் தேடுகிறவை. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மணல்துகள்களுக்கு இடையிலும், வேர்ப்பின்னலிலும், இலையடியில் படியும் சேற்றிலும் வாழ்கின்றன. கடலடியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் இந்த அளவுள்ள உயிர்கள் பத்து லட்சம் வரை இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. எண்ணிக்கையில் உருளைப்புழுக்கள் முதலிடம். அடுத்த இடம் பெரும்பாலும் ஹார்பாக்டிகாய்டு என்ற கோபிபாடு கூட்டத்துக்கு. இந்த அளவுள்ள கடலடி உயிர்களுக்கு மெயோபெந்தாஸ் என்று பொதுப்பெயர் வைத்தவர் மோலி மேர், 1942-இல், இங்கிலாந்தின் பிளைமவுத்தில். அதற்கு வெகுகாலம் முன்பே நம் கடலின் கோபிபாடுகள் அச்சில் ஏறிவிட்டன. முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய ஹெர்ட்மன் இலங்கைக்கு வந்தபோது சேகரித்தவற்றில் இருந்த கோபிபாடுகளைத் தாம்சனும் ஸ்காட்டும் 1903-இல் விவரித்தார்கள். சிப்பியைக் கழுவிய நீரில் கிடைத்தவைகூட அந்தப் பட்டியலில் உண்டு. மன்னார் வளைகுடா என்றால் முத்து என்று உலகம் பேசிக்கொண்டிருந்த நாளில், கழுவிய நீரையும் வடிகட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த அக்கறைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மண் எடுப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 2022 முதல் கடல்பசுக் காப்பகம். வனத்துறை அனுமதியில்லாமல் இங்கெல்லாம் ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது, எடுக்கவும் வேண்டாம். கருவி எளியது: 3.57 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய். அந்த விட்டத்துக்கு வாயின் பரப்பு சரியாக 10 சதுர சென்டிமீட்டர் வரும், கணக்கு சுலபம். குழாயைக் கையால் அழுத்தி, மேல்வாயை மூடி, அடியைக் கையால் பொத்தித் தூக்க வேண்டும். எந்தப் புல்லின் அடியில் எடுத்தோம் என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். சைமோடோசியாவின் அடியில் இருக்கும் மணலும் எனாலஸின் தடித்த வேருக்கடியில் இருக்கும் சேறும் ஒன்றல்ல, குடியிருப்பவர்களும் வேறு.

எடுத்த மண்ணில் உடனே பார்மலின் ஊற்றினால் உயிர்கள் சுருண்டு, ஒன்றையொன்று இறுகப் பிடித்த நிலையில் விறைத்துப்போகும். முதலில் கடல்நீரின் செறிவுக்கு இணையான மெக்னீசியம் குளோரைடு கரைசலில் பத்து நிமிடம் மயங்கவிட்டால் கால்கள் விரிந்து தளரும், பிடி விடும். அதன்பிறகு நான்கு சதவீத பார்மலின், அதில் சிட்டிகை ரோஸ் பெங்கால் சாயம். உயிருள்ள உடலாக இருந்தவை இளஞ்சிவப்பாகிவிடும், மணல் மணலாகவே நிற்கும். மரபணு பார்க்க நினைக்கும் குப்பிக்குப் பார்மலின் ஆகாது. அதற்கு 95 சதவீத ஆல்கஹாலும் குளிர்ச்சியும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் இரண்டு குப்பி.

பிறகு சலிப்பது. மேலே அரை மில்லிமீட்டர் சல்லடை, கீழே 63 மைக்ரான் சல்லடை. கீழ்ச்சல்லடையில் நிற்பதைக் குழாய்நீரில் அலசி, கூழ்ம சிலிக்கா கரைசலில் மிதக்கவிட வேண்டும். லூடாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பதைத் தண்ணீர்விட்டு அடர்த்தியை 1.15 முதல் 1.18-க்குள் கொண்டுவந்தால், மணல் அடியில் தங்கி உயிர்கள் மேலே வரும். புல்வேரின் நார்த்துணுக்குகளும் கூடவே மிதந்து வந்துவிடும். கடல்புல் மண்ணின் தனிச்சிரமம் அதுதான். அதற்குக் குறுக்குவழி இல்லை. தட்டில் கோடு கிழித்து, ஒவ்வொரு கட்டமாக, ஊசிமுனையால் நாரை விலக்கி விலக்கிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தட்டில் வெளிச்சம் விழும் நேரம் எனக்கு மிகப் பிடித்த நேரம். இரண்டு ஓட்டுக்குள் உடலை மூடிக்கொண்ட ஆஸ்ட்ரகாடு, பிளக்காத பயறு போல உருண்டு நிற்கும். அதன் ஓடு சுண்ணாம்பு என்பதால் விலங்கு செத்த பின்னும் மண்ணில் தங்கும். அதனாலேயே நிலவியலாளர்களுக்கு அது வேண்டப்பட்டது. தூத்துக்குடிக் கடலடியின் ஆஸ்ட்ரகாடுகளைச் சென்னைப் பல்கலைக்கழகத்து நிலவியல்துறையினர் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சு பருத்து வால் ஒடுங்கியது குமேசியன். மெல்லிய உடலில் முன்னால் ஓர் இணை இடுக்கியோடு வருவது டனெய்டு. பக்கவாட்டில் நசுங்கிய உடல் ஆம்பிபாடு, முதுகுவாட்டில் தட்டையானது ஐசோபாடு. இந்தக் கூட்டம் பிரிப்பதைக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் போதும்.

கூட்டம் பிரிப்பதிலேயே நின்றுவிடாமல் இனம்வரை போனவர்கள் நம் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். சி.வி. குரியன் 1950-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூரின் குமேசியன்களை எழுதினார். அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூரோடு பிணைந்திருந்தது. 1956-இல்தான் நம்மோடு வந்தது. கே. நாகப்பன் நாயர் மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகை, சங்குப் படுகை ஆம்பிபாடுகளை ஆராய்ந்தார். 1965-இல் எர்ணாகுளத்தில் நடந்த ஓட்டுடலிகள் கருத்தரங்கின் தொகுப்பில் அது இருக்கிறது. படங்களோடு எழுதப்பட்டவை அவை. இன்றும் பக்கத்தில் விரித்துவைத்து வேலை செய்யலாம்.

நான் அதிகம் உட்காருவது ஹார்பாக்டிகாய்டுகளோடு. இவற்றின் உடலைப் பார்த்தே வசிப்பிடம் சொல்லிவிடலாம். போர்செல்லிடியம் தட்டை வட்டமாக இலைப்பரப்பில் ஒட்டிக்கிடக்கும். லவோபான்டி குடும்பத்துக்கு முதற்காலின் உட்கிளையில் கொக்கி நகம், இலையையும் பாசியையும் பற்ற. டெகாஸ்டிஸ் பக்கவாட்டில் நசுங்கி ஆம்பிபாடு என்றே எண்ண வைக்கும். சேற்றைத் துளைத்துப் பாயும் எக்டினோசோமாட்டிகள் இருமுனையும் கூம்பியவை. மணல்துகள்களின் இடைவெளியில் நழுவிப்போகும் லெப்டஸ்டாசிகள் புழுவாக நீண்டு மெலிந்தவை. லாங்கிபீடியாவின் இரண்டாம் காலில் உட்கிளை மட்டும் வியப்பூட்டும் நீளத்துக்கு வளர்ந்திருக்கும். இதுவரை வருவது கண்பழக்கம். குடும்பப் பெயர் இந்தப் பழக்கத்தில் கிடைக்கும். இனத்தின் பெயர் கிடைக்காது. அதற்கு விலங்கைப் பிரித்தாக வேண்டும்.

பிரிப்பதற்கு முன் முழு உடலையும் பார்த்து வரைந்துவிட வேண்டும். ஹியூம்ஸும் குடிங்கும் 1964-இல் சிறு குறிப்பாகச் சொன்ன மரச்சில்லு முறை எனக்கு மிக உதவியது. கண்ணாடிச் சில்லு அளவில் மெல்லிய மரத்துண்டு, நடுவில் துளை, துளையின் ஒருபுறம் ஒட்டிய மூடுகண்ணாடி. அதன்மேல் ஒரு சொட்டு லாக்டிக் அமிலம், சொட்டில் விலங்கு. சில்லைத் திருப்பி வைத்தால் சொட்டு தொங்கும், விலங்கு கண்ணாடியை ஒட்டி நிற்கும், நசுங்காது. வேண்டியபடி புரட்டிப் புரட்டிப் பார்க்கலாம். செங்கோட்டைச் சாலையில் ஓர் ஆசாரியிடம் இந்தச் சில்லுகளைச் செய்யக் கொடுத்தேன். "இம்புட்டுத் துண்டுல ஓட்டை போட்டு என்ன செய்யப் போறீய, அண்ணாச்சி?" என்றார். சொன்னேன். மறுநாள் எல்லாத் துளையின் விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து வைத்திருந்தார், பிசிறு நின்றால் சொட்டு வழிந்துவிடும் என்று. நான் சொல்லாமல் அவராக எண்ணிப் பார்த்தது அது.

அடுத்து ஊசி. பூச்சி குத்தும் மிகச் சிறிய ஊசியை மூங்கில் குச்சியில் பொருத்தியும் தொடங்கலாம். கூர்மை போதாதவர்கள் டங்ஸ்டன் கம்பியை மின்சாரம் பாய்ச்சிய காரக் கரைசலில் முக்கி முக்கிக் கூராக்கிக்கொள்வார்கள். கிளிசரின் சொட்டில் விலங்கைக் கிடத்தி, ஓர் ஊசியால் உடலைப் பிடித்து, மற்றதால் பின்னிருந்து முன்னாக ஒவ்வொரு கண்டமாகப் பிரிக்க வேண்டும். முதலில் ஐந்தாம் காலைத் தாங்கும் கண்டம், பிறகு நான்காம் கால், மூன்று, இரண்டு, ஒன்று. கடைசியில் வாயுறுப்புகளும் உணர்கொம்புகளும். ஒரே விலங்கின் எல்லாக் கால்களும் வரிசை மாறாமல் சில்லில் ஏற வேண்டும். இரண்டு விலங்கிலிருந்து நல்ல கால்களைப் பொறுக்கி ஒன்றாக்கக் கூடாது. ஒரே கரண்டி மண்ணில் ஒரே பேரினத்தின் இரண்டு இனங்கள் சேர்ந்தே இருக்கும் என்பதை மறந்தால், உலகத்தில் இல்லாத மூன்றாவது ஒன்றைத் தாளில் பிறப்பித்துவிடுவோம்.

நீந்துகால் ஒவ்வொன்றும் வெளிக்கிளை, உட்கிளை என இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கிளையிலும் எத்தனை கணு, ஒவ்வொரு கணுவிலும் உள்ளே எத்தனை மயிர், நுனியில் எத்தனை, வெளியே எத்தனை முள் என்று எண்ணி அட்டவணை போட வேண்டும். எண்ணெய் லென்ஸின் கீழ் ஒரு கணுவை ஒரு முறை எண்ணினால் போதாது. குவியத்தை மேலும் கீழும் நகர்த்தி, ஒடிந்த மயிரின் தடமிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மயிர் விழுந்தாலும் அது நின்ற குழி இருக்கும். குழியை எண்ணுகிறவர்தான் உண்மையில் எண்ணியவர்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பெண்ணின் ஐந்தாம் கால். ஹார்பாக்டிகாய்டுகளில் அது நீந்துவதற்கு ஆகாது. சிறு தகடாகக் குறுகி, முட்டைப்பை இருக்கும் இடத்தை ஒட்டி நிற்கும். அந்தத் தகட்டின் வடிவம், மயிர்களின் எண்ணிக்கை, அவற்றின் நீள விகிதம் ஆகியவற்றில்தான் பல இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன. உடல் முழுவதும் ஒத்துப்போய் இந்த ஒரு தகட்டில் வேறாக நிற்கும் விலங்குகள் உண்டு. என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி இந்தக் கட்டுரையின் தலைப்பு.

இரண்டாவது விதி: இனம் கண்டறிய உதவும் விசைப்பட்டியலைத் திறக்கும் முன் வரைந்துவிடு. பட்டியல் முதலில் கண்ணுக்கு வந்துவிட்டால், அது கேட்பதை மட்டும் விலங்கில் தேடுவோம். கையில் வரைகுழாய் பொருத்திய நுண்ணோக்கி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கட்டம் போட்ட கண்ணாடியும் கட்டத்தாளும் போதும். வரைகிற கை, கண் தாண்டிப்போன இடத்தில் நின்றுவிடும். இந்தக் கோடு எங்கே முடிகிறது, இந்த முள் கணுவின் மேலா ஓரத்திலா என்று பென்சில் கேட்கும்போதுதான் நாம் பார்க்கவே தொடங்குகிறோம். ஒளிப்படம் இதைச் செய்யாது. ஒரு குவியத்தில் விழுந்ததை அது அப்படியே எடுத்துக்கொள்ளும். காலோ பல குவியங்களில் பரந்து கிடக்கிறது.

வயதுவராத விலங்கு பெரிய சங்கடம். கோபிபாடு ஆறு நாப்லியஸ் நிலை தாண்டி, ஐந்து கோபிபோடிட் நிலை தாண்டித்தான் பருவமடையும். கடைசிக்கு முந்தைய நிலையில் கால்கணுவும் மயிரும் குறைவாக இருக்கும்; பட்டியல் அதை எங்கேயோ கொண்டுபோய் விடும். முட்டைப்பை இருந்தால் சந்தேகமே இல்லை. இல்லாதபோது பெண்ணின் இனப்பெருக்கக் கண்டமும் அதற்கு அடுத்த கண்டமும் ஒன்றாக இணைந்திருக்கின்றனவா என்றும், ஆணின் உணர்கொம்பு பற்றுவதற்காக மடங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆணையும் பெண்ணையும் ஒரே இனமென்று இணைப்பதும் எளிதல்ல, உருவில் அவ்வளவு வேறுபாடு. ஆனால் பல ஹார்பாக்டிகாய்டு ஆண்கள் பருவமடையாத பெண்ணைப் பற்றிக்கொண்டே காத்திருக்கும். மெக்னீசியத்தில் மயக்கினால் அந்தப் பிடி விட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு இடத்திலும் ஆல்கஹால் குப்பியை மயக்காமலே நிரப்புகிறேன். பிடித்தபடி கிடக்கும் ஓர் இணை கிடைத்தால், அதுபோன்ற சான்று வேறு எதுவும் இல்லை.

இனி நூல்கள். நார்வேயின் சார்ஸ் வரைந்த படங்கள், ஸ்வீடனின் கார்ல் லாங் 1948-இல் இரண்டு தொகுதிகளாக ஜெர்மன் மொழியில் எழுதிய பெருநூல், ஜான் வெல்ஸின் விசைப்பட்டியல்கள்: இவற்றைத் தவிர்த்து யாரும் இந்த வேலை செய்ய முடியாது. ஆனால் சார்ஸின் விலங்கு குளிர்க்கடலில் வாழ்ந்தது. பட்டியலின் கடைசிப் படிவரை இறங்கி அங்கே நிற்கும் வடகடல் பெயரை மண்டபத்து விலங்குக்குச் சூட்டிவிடுவது இந்தத் துறையின் பழைய நோய். உலகமெங்கும் ஒரே இனம் என்று நெடுநாள் நம்பப்பட்ட பல, நெருங்கிப் பார்த்ததும் பல இனங்களாகப் பிரிந்துவிட்டன. ஆகவே நமக்கு மேலும் நெருக்கமான நூல்கள் வேண்டும். சீமோர் செவெல் இந்தியக் கடல்களின் கோபிபாடுகளைப் பற்றி எழுதியவை அத்தகையவை. பி.என். கணபதியும் ஜி. சந்திரசேகர ராவும் 1962-இல் வால்டேர் கடற்கரை மணலிடை உயிர்களை எழுதினார்கள். அதே ராவ், வெல்ஸோடு சேர்ந்து 1987-இல் அந்தமான் நிக்கோபார் கரைகளின் ஹார்பாக்டிகாய்டுகளைத் தொகுத்தார். இந்திய விலங்கியல் அளவைத் துறை வெளியிட்டது. என் மேசையில் அதிகம் கசங்கிய நூல் அதுதான். நம் கடல்புல் வெளிகளுக்கு அப்படி ஒரு நூல் வேண்டும் என்பதே என் ஆசை.

ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கியதும் தென்காசியில் சாரல். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நிறையும். மன்னார் வளைகுடா அந்தக் காற்றில் கலங்கிக் கிடக்கும். படகு ஏற முடியாது. உட்கார்ந்து பார்க்க ஏற்ற மாதங்கள், ஆனால் கருவிக்கு ஆகாத ஈரம். லென்ஸில் பூஞ்சை ஏறும். கிளிசரின் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பெருகி, மூடுகண்ணாடியைத் தூக்கி, வரிசையாக வைத்த கால்களை நகர்த்திவிடும். லென்ஸுகளைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். சில்லுகளின் ஓரத்தில் நகப்பூச்சு இரண்டு தடவை. சில்லுப் பெட்டி இருக்கும் அலமாரியில் ஒரு குண்டு பல்பு பகலும் இரவும் எரியும். மலையடிவார ஊர்களில் நுண்ணோக்கி வைத்திருக்கும் கல்லூரிகள் இதையாவது செய்ய வேண்டும். பூட்டிய அறையில் பூஞ்சையால் கண்ணிழந்த நல்ல லென்ஸுகளைப் பார்த்து மனம் வெதும்பியிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்குக் கடல் மண்ணைக் கொடுப்பதில்லை. சிற்றாற்றுக் கால்வாயிலும் கோயில் தெப்பத்திலும் ஒரு குப்பி நீர் எடுத்துவரச் சொல்வேன். சைக்ளாப்ஸும் ஆஸ்ட்ரகாடும் உயிரோடு வரும். நகர்வதைப் பார்த்த பிறகு செத்ததைப் பார்ப்பது எளிது. சைக்ளாப்ஸைக் காட்டும்போது நரம்புச் சிலந்தி என்ற புழு நோயைப் பற்றியும் சொல்வேன். அந்தப் புழுவின் குஞ்சை வயிற்றில் சுமந்தது இந்தச் சிற்றுயிர்தான். அது இன்னதென்று தெரிந்ததால்தான் துணியில் நீரை வடிகட்டியும் படிக்கிணறுகளைத் திருத்தியும் நோயை ஒழிக்க முடிந்தது. 1996-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வரவில்லை. 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

மரபணு வரிசை இருக்கும்போது காலை எண்ணுவது எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. கனடாவின் பால் ஹீபர்ட் 2003-இல் முன்வைத்த முறையில் ஒரு மரபணுத் துண்டை வைத்து இனத்தைக் கண்டுகொள்ளலாம், அந்தத் துண்டு ஏற்கெனவே பெயரோடு களஞ்சியத்தில் இருந்தால். நம் கடல்புல் மண்ணின் ஹார்பாக்டிகாய்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பெயரைத் தரவேண்டியவர்கள் நாம்தான். இரண்டையும் ஒரே விலங்கில் செய்யலாம் என்பது இன்னும் நல்ல செய்தி: உடலைக் கசக்காமல் மரபணுவைக் கரைத்தெடுத்தால் கூடு மிஞ்சும், அந்தக் கூட்டைப் பிரித்து வரையலாம்.

கரையோரத் திட்டங்களுக்காக எழுதப்படும் சூழல் அறிக்கைகளைப் படிக்கிறேன். கடலடி உயிர்கள் என்ற தலைப்பின் கீழ் "கோபிபாடுகள்" என்று ஒரே வரி, பக்கத்தில் ஓர் எண். அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. எண் மாறாமலே உள்ளே இருக்கும் இனங்கள் முழுதும் மாறிப்போகலாம். இழுவைமடி உழுத சேற்றிலும் கோபிபாடு இருக்கும். பல்லாண்டு கலையாத தாழைக்கடியிலும் இருக்கும். இரண்டும் ஒரே கூட்டம் இல்லை. தாழையில் வளரும் மீன்குஞ்சும் கடல்குதிரையும் தின்பது இவற்றைத்தான். கடல்குதிரையைப் பிடிக்கக் கூடாது என்று 2001-இல் சட்டத்தில் சேர்த்தோம். அதன் இரையின் பெயரை இன்னும் எழுதி முடிக்கவில்லை.

ஆழ்வார்குறிச்சியிலும் குற்றாலத்திலும் தூத்துக்குடியிலும் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளே, இந்த வேலைக்கு வாருங்கள். ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் வேண்டாம். படத்தின் ஓரத்தில் அளவுகோல் போடுங்கள். புதிதென்று தோன்றுவதை அவசரப்பட்டு அச்சிடாமல், இன்னொரு பெண், இன்னோர் ஆண் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். மூலமாதிரியை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் சென்னையிலோ கொல்கத்தாவிலோ உள்ள விலங்கியல் அளவைத் துறையில் பதிந்து எண் வாங்குங்கள். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் இடம், நாள், ஆழம், புல்லின் பெயர் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.